இருபதுக்கு ஒன்பது

கோர்ட்டே ஊருக்கு அக்டோபரில்
மழைக்கு முன்னால் மாணவர்கள் வருவார்கள்.
இரண்டே பெட்டி உள்ள மலை ரயில்
இருநூறு பெட்டிகளை இறக்கிவிட்டு
நிலையத்தில் நின்று மூச்சு வாங்கும்.
சக்கரம் வைத்த பெட்டி எதுவும்
கோட்டைக்குப் போகும் கல்தெருவில் ஏறாது.
தலையில் தூக்கிக்கொண்டுதான் நாங்கள்
உயர்கல்விக்குள் நுழைகிறோம்.

நாலு வருடம் நடந்த பல்கலைக்கழகம் இது.
பிரெஞ்சுப் படை வந்தது, பூட்டினார்கள்.
திரும்பத் திறக்க
இருநூற்றுப் பன்னிரண்டு வருடம்.
"உலகத்திலேயே நீளமான கோடை விடுமுறை"
என்பான் பக்கத்து அறை ஓர்சு,
வருடா வருடம்,
புதிதாய் வந்த பெண்களிடம் மட்டும்.

நான் படிக்க வந்தது என் சொந்த மொழியை.
சிரிக்காதீர்கள்.
எங்கள் வீட்டில் பிரெஞ்சுதான் சாப்பிட்டது, தூங்கியது.
அப்பாவுக்குக் கோர்சிக மொழி
கோபம் வந்தால் மட்டும் வரும்.
அதனால் வசவுகள் எல்லாம்
எனக்குப் பிழையில்லாமல் தெரியும்.
மற்றதற்கு அகராதி.

பக்கத்து இருக்கையில் சவேரியா.
மதியம் உணவுக்கூடத்தில் எனக்குப்
பருப்பு அள்ளிப் போட்ட அதே கை
மூன்று மணிக்கு
நோட்டைத் திறக்கும்.
ஐம்பத்து மூன்று வயது.
வெனாகோவுக்கு மேலே நாற்பது ஆடு,
பேசாத ஒரு கணவன்.
கம்பளிச் சட்டையில் கஷ்கொட்டைப் புகை.
ஏன் சேர்ந்தாய் என்று கேட்டேன்.
"ஊழியர்களுக்குக் கட்டணம் பாதி" என்றாள்.

டிசம்பரில் தேர்வு. சொல்வதை எழுதுதல்.
வீடு என்பதற்கு எங்கள் சொல்
தனியே நின்றால் முதல் எழுத்து வல்லினம்;
முன்னால் ஓர் உயிரெழுத்து வந்துவிட்டால்
வாய்க்குள்ளேயே மெத்தென்று குழைந்துவிடும்.
எழுதும்போது குழையக் கூடாது.
சவேரியா காதில் விழுந்தபடி எழுதினாள்.
ஐம்பது வருடம் அவள் குடியிருந்த வீட்டில்
சிவப்பு மை கோடு போட்டது,
பதினோரு இடத்தில்.

இரண்டாம் பகுதியில் ஒரு கேள்வி:
மூடுபனிக்கு என்ன சொல்?
நான் அகராதிச் சொல்லை எழுதினேன். முழு மதிப்பெண்.
அவள் பதில் சொல்லாமல் எழுதியிருந்தாள்:
"எந்தப் பக்கத்திலிருந்து வருவது?"
அரை மதிப்பெண்.
ஓரத்தில் ஆசிரியையின் கேள்விக்குறி,
கொக்கிபோல் நடுங்கியபடி.

எனக்குப் பதினான்கு, அவளுக்கு ஒன்பது.
தாய்மொழியில் தோற்றவள்
தாளை நாலாய் மடித்து
உணவுக்கூட ஏப்ரனில் செருகிக்கொண்டாள்.
ஆறுதலாய் ஏதோ சொல்ல நினைத்தேன்.
எந்த மொழியில் என்று யோசிப்பதற்குள்
படிக்கட்டு முடிந்துவிட்டது.

சதுக்கத்தில் அந்தப் பழைய வீடு,
சுவரெல்லாம் துப்பாக்கிக் குண்டு துளைத்த குழிகள்.
சுற்றுலாக்காரர்கள் விரல் விட்டுப் பார்ப்பார்கள்.
ஒரு குழியில் யாரோ
சிகரெட்டை அணைத்துச் செருகியிருந்தார்கள்.
சாலைப் பலகையில் ஊரின் பெயர் இருமுறை;
பிரெஞ்சுப் பெயர்மேல் தார்.
எழுத்துக்காக இங்கே ராத்திரியில்
ஏணி கொண்டு வருவார்கள்.
சவேரியா அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தவினியானு ஆற்றுப் பக்கம்
வெள்ளையாய் ஒன்று எழுந்தது.
பாறைக்கு ஏறி, கோட்டையின் காலை மறைத்து,
பாலத்தை எடுத்துக்கொண்டு,
எங்களைப் பார்த்து வந்தது.
ஓரத்தில் நிறுத்தியிருந்த அவள் வண்டியை மறித்தபடி
சரக்கு லாரி ஒன்றும் வந்து நின்றது.
சவேரியா முகம் சுளித்து
ஒரு சொல் சொன்னாள்.
மூன்று அசை. கடைசி அசை
பல்லில் பட்டுத் திரும்பியது.

எப்படி எழுதுவது என்று கேட்டேன்.
"என்னையா கேட்கிறாய்?
நான் ஒன்பது" என்று
கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

நோட்டை விரித்து நின்றேன், தாள் நனைந்தது.
அவள் சொன்னது பனியையா, லாரிக்காரனையா?
வசவாக இருந்தால்
எனக்குத் தெரிந்திருக்கும்.